கொழும்புக்குப் புதுசா வந்தவங்களுக்கு: புயல் வந்தால் காற்றைப் பார்க்காதீங்க, ஆற்றைப் பாருங்க

ஐப்பசி பிறந்தாச்சு. விசா, வாடகை, பள்ளிக்கூடம் பற்றி எல்லாரும் கேட்கறீங்க, மழையைப் பற்றி ஒருத்தரும் கேட்கலை. அதனால கேட்காமலே எழுதறேன்.

நான் சைதாப்பேட்டைக்காரன். 2015 டிசம்பர்ல அடையாறு வீட்டுக்குள்ள வந்ததைப் பார்த்துட்டு, அடுத்த மாசமே வேலைக்காகக் கொழும்பு வந்தேன். இனிமே வெள்ளத்தைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுக்கணும்னு ஒரு திமிர். கொலன்னாவ பக்கம் தரைத்தளத்துல ஒரு அனெக்ஸ். வாடகை குறைச்சல். ஏன் குறைச்சல்னு கேட்கத் தோணலை.

2016 மே, வெசாக்குக்கு, அதாவது புத்த பூர்ணிமைக்கு, முந்தின வாரம். ரோனு புயலாக மாறப்போற தாழ்வு நிலை தீவை ஒட்டிப் போச்சு. மூணு நாள் அடைமழை. அப்புறம் விட்டுது. வெயில் எட்டிப் பார்த்ததும் துவைச்ச துணியைக் கொடியில போட்டேன். பக்கத்து வீட்டு அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரங்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னாங்க: "மழை விட்டிட்டுது எண்டு சந்தோசப்படாதீங்கோ தம்பி, ஆறு இனித்தான் வரப்போகுது." சிரிச்சுட்டு உள்ளே போயிட்டேன். விடியக்காலையில கட்டிலை விட்டுக் காலைக் கீழே வெச்சால் கணுக்காலுக்குத் தண்ணி. மத்தியானம் இடுப்புக்கு. ஃப்ரிட்ஜ் மிதந்தது. துணி மட்டும் கொடியில பத்திரமா இருந்துது.

அன்ரி சொன்னதுதான் இந்த ஊரோட கணக்கு. கொழும்பு மேற்குக் கரை. வங்கக் கடல் புயல் கிழக்குக் கரையிலதான் ஏறும். 1978 நவம்பர்ல மட்டக்களப்பைச் சிதைச்ச சூறாவளி மாதிரி ஒரு காற்று இங்கே நேரடியா வர்றது அபூர்வம். நம்ம மேல விழறது மலைநாட்டு மழை. களனி ஆறு சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து, கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல தாண்டி, கொழும்புக்கு வடக்கே முகத்துவாரத்துல கடலைத் தொடுது. மேலே கொட்டினது கீழே வந்து சேர ஒரு நாளாவது ஆகும். 2025 நவம்பர் கடைசியில டித்வா வந்தப்பவும் அதேதான். மழை தணிஞ்ச பிறகுதான் களனி ஏறி கொலன்னாவ, கடுவலை, வெல்லம்பிட்டி எல்லாம் முழுகிச்சு. அந்தப் புயல்ல நாடு முழுக்க 600 பேருக்கு மேல போனாங்க, பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவுல. இங்கே நமக்கு நனைஞ்சது சாமான்தான், அதையும் மறந்துடக் கூடாது.

அதனால வெளியே வெயில் அடிக்குதான்னு பார்க்காதீங்க. நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டம் வெளியிடும். அதுல ஹங்வெல்லயைப் பாருங்க, அப்புறம் நாகலகம் வீதி. நாகலகம் வீதி அளவுகோல் கிராண்ட்பாஸ் பக்கம், நம்ம வாசல்படி மாதிரி. மற்ற இடங்களுக்கு மீட்டர்ல சொல்வாங்க, இதுக்கு மட்டும் இன்னும் அடிக்கணக்கு. ஹங்வெல்ல ஏறிக்கிட்டே இருந்தால், தாழ்வான இடத்துல இருக்கிறவங்க அன்னைக்கே சாமானை மேலே ஏத்திடுங்க.

எச்சரிக்கை தமிழ்லயும் வரும். ஆனா அது நம்ம ஊர்த் தமிழ் இல்லை. முதல் வருஷம் நான் பாதியைப் புரிஞ்சுக்காமலே விட்டுட்டேன். நாம காற்றழுத்தத் தாழ்வுன்னு சொல்றதை இங்கே தாழமுக்கம்னு சொல்வாங்க. புயல் என்றால் சூறாவளி. பேரிடர் என்றால் அனர்த்தம், துறை என்றால் திணைக்களம். வானிலை மையத்தைத் தேடினால் கிடைக்காது, வளிமண்டலவியல் திணைக்களம்னு தேடணும். 'வான்கதவு திறப்பு'ன்னு செய்தியில வந்ததை என்னமோ கோயில் விசேஷம்னு நினைச்சேன். நீர்த்தேக்கத்துல உபரி நீரை வெளியேத்தற மதகு அது. காசல்ரி, மவுசாகலை, லக்ஷபானன்னு பேர் சேர்ந்து வந்தால் காதைத் தீட்டிக்கோங்க, அந்தத் தண்ணி களனிக்குத்தான் வரும். தெருவுல ஒலிபெருக்கி போட்டு வண்டி போனால் பெரும்பாலும் சிங்களம்தான். 'கங்வதுர' என்ற ஒரு சொல் தெரிஞ்சால் போதும், வெள்ளம்.

மனப்பாடம் பண்ண வேண்டிய எண்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, ஆம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்சாரம் 1987, தண்ணீர் 1939. இதோட உங்க வட்டாரத்து அரசு அலுவலரான கிராம சேவகர் யாருன்னு கேட்டு வெச்சுக்கோங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல இடைத்தங்கல் முகாம் போடறாங்கன்னு அவர்கிட்டே கேட்டால் தெரியும்.

வாங்கி வைக்கிற சாமான் பற்றிப் பெரிசா சொல்ல ஒன்றுமில்லை. அவல், பிஸ்கட், பால்மா, மெழுகுவர்த்தி, மருந்து. பாண், அதாவது நம்ம பிரெட், முதல் நாளே தீர்ந்துடும். மலைப் பாதை அடைபட்டால் நுவரெலியா காய் வராது, கேரட்டும் லீக்ஸும் தங்க விலை ஆகும். பருப்பு வெச்சு ஒரு வாரம் ஓட்டற பக்குவம் நமக்கு இருக்கு. சிலிண்டர் பாதிதான் இருக்குன்னு தோணினால் தாழமுக்கம்னு செய்தி வந்த அன்னைக்கே மாத்திடுங்க.

தண்ணிதான் முக்கியம். கொழும்புக்குக் குடிதண்ணி பெரும்பகுதி அம்பத்தலையில சுத்திகரிச்சு வருது. அம்பத்தலை இருக்கிறதே களனிக் கரையில. ஆறு பெருகற அதே நேரத்துல குழாய்த் தண்ணிக்கும் ஆபத்து என்று அர்த்தம். டித்வா சமயத்துல அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காப்பாத்தவே அணைக்கட்டை உயர்த்த வேண்டியதாச்சு. வாளி, அண்டா, பிரஷர் குக்கர் எல்லாத்தையும் ரொப்பி வைங்க. குடிக்கிறதுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது தனியா மூடி வைங்க. வெள்ளத்துக்கு அப்புறம் வர்ற தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்.

எமர்ஜென்சி விளக்கு, பவர் பேங்க் ஊர்லேருந்து கொண்டு வந்திருப்பீங்க. புது ஃப்ளாட்டுகள்ல சதுர முள் 13 ஆம்பியர் சாக்கெட்தான் இருக்கும், நம்ம உருண்டை முள் ஏறாது. அடாப்டர் ஒண்ணு பத்து நாள் முன்னாடியே வாங்கி வைங்க. இருட்டுல நின்னுக்கிட்டு இதைக் கண்டுபிடிச்ச ஆள் நான்.

தண்ணி வாசல் ஏறினால் முதல் வேலை ட்ரிப் சுவிட்சை இறக்கறது. ரெண்டாவது, கழிப்பறைக் கோப்பையை மணல் பையால அடைக்கறது. வாசல் வழியா வர்ற தண்ணியை விட அது வழியா வர்றது மோசம். பாஸ்போர்ட், விசாப் பக்கம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜிப் பையில போட்டு இடுப்போட இருக்கட்டும். கால்வாய் ஓர வீடுன்னா கபரகொயா, அதாவது நீர் உடும்பு, நீந்தி வரும், ஆறடி இருக்கும், பார்த்தால் முதலை மாதிரி. வழியை விட்டு நின்னால் தன்பாட்டுக்குப் போயிடும். நான் ஒரு தடவை சோபா மேல ஏறி நின்னேன், அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

தண்ணி வடிஞ்ச பிறகு எலிக்காய்ச்சல். சேத்துல வெறுங்காலோட நிக்காதீங்க, காலில புண் இருந்தால் கண்டிப்பா பூட்ஸ். வெள்ளத்துல இறங்கினவங்களுக்கு முன்காப்பா டாக்ஸிசைக்ளின் கொடுக்கிற வழக்கம் இங்கே இருக்கு. உங்க பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்டே கேளுங்க, நீங்களே கடையில வாங்கிப் போட வேண்டாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னா ஆஸ்பத்திரியில வெள்ளத் தண்ணியில நின்ன விஷயத்தை முதல்ல சொல்லுங்க. ரெண்டு மூணு வாரத்துல டெங்குவும் வரும், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துடுங்க.

இதைப் படிச்சுட்டுக் கீழே கமெண்ட்ல கேட்ட சிலருக்கு:

வெல்லம்பிட்டியில வீடு பார்க்கிற தம்பி, புரோக்கர்கிட்டே கேட்காதீங்க. தெருமுனைக் கடைக்காரர்கிட்டே ஒரு பிளேன்டீ குடிச்சுக்கிட்டே, "பதினாறுல இங்கே எவ்வளவு வந்தது?"ன்னு கேளுங்க. வாயால சொல்ல மாட்டார், கையால காட்டுவார். முழங்கால்னா யோசிக்கலாம், நெஞ்சுன்னா மாடி மட்டும் பாருங்க. சுவர்ல இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிச்சிருந்தாலும், ப்ளக் பாயின்ட் எல்லாம் தோள் உயரத்துல இருந்தாலும் வீடே பதில் சொல்லிடுச்சு.

வெள்ளவத்தை ஒன்பதாவது மாடி அக்கா, உங்களுக்கு ஆறு வராது. பால்கனித் தொட்டி, துணி ஸ்டாண்டு எல்லாத்தையும் உள்ளே எடுங்க. கண்ணாடிக்கு டேப் ஒட்டறது பயன்படாத வேலை, அது உடையாமக் காப்பாத்தாது. கடல் பக்கம் இழுக்கற கதவோட தடத்துல மழை உள்ளே வரும், பழைய துண்டு சுருட்டி வைங்க. ஜெனரேட்டர்ல லிஃப்ட் மட்டும் ஓடுதா, தண்ணி மோட்டரும் ஓடுதான்னு இன்னைக்கே காவலாளிகிட்டே கேளுங்க. எங்க கட்டடத்துல லிஃப்ட் மட்டும்தான்.

வீட்டுல பயப்படறாங்கன்னு சொன்னவருக்கு: டி.வி.யில இலங்கைன்னு வந்ததும் சித்தி, மாமா எல்லாரும் ஆளுக்கொரு கால் போட்டு உங்க பேட்டரியைத் தீர்த்துடுவாங்க. குடும்பக் குரூப்ல காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு செய்தி போடுங்க, மற்ற நேரம் டேட்டாவை அணைச்சு வைங்க. புயல் இங்கே முடிஞ்சு அப்படியே வடக்கே திரும்பற பழக்கமும் உண்டு, டித்வா அப்படித்தான் தமிழ்நாட்டுக் கரைப் பக்கம் போச்சு. இங்கே வெயில் வந்து நான் துணி காயப்போட்ட அன்னைக்கு, மொட்டை மாடியில துணி எடுக்க ஓடிக்கிட்டே அம்மா போன்ல பேசினாங்க.