ரேடியோல பேச கத்துக்கணும், வேலூர் பக்கம் யாராச்சும் வழி சொல்லுங்களேன்

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி, பி.காம் முடிச்சிட்டு சத்துவாச்சாரில ஒரு மொபைல் கடைல நிக்கிறேன், ஆனா ஆசையெல்லாம் ரேடியோ மேலதான். இப்போ ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல நானே ரெக்கார்ட் பண்ணி பழகுறேன். வீடு ரயில்வே லைனை ஒட்டி, எந்நேரமும் ட்ரெயின் சத்தம், அதனால ராத்திரி கம்பளிய தலையோட போத்திக்கிட்டு பேசுறேன் (வேலூர் வெயில்ல இது எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம்). "பாட்டு", "பத்து"ன்னு சொன்னா மைக்ல டப்பு டப்புனு காத்து அடிச்சிச்சு, மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் சைடா வச்சதும் குறைஞ்சிடுச்சு.

இப்ப தலைவலியே வேற, எழுதி வச்சத படிச்சா ஸ்கூல் பிரேயர்ல நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு, எழுதாம பேசினா 1 நிமிஷ லிங்க் (பாட்டுக்கு நடுவுல பேசுறது) 4 நிமிஷத்துக்கு இழுக்குது. ழ வேற அவசரத்துல ளவா போயிடுது.

ஒரு இடத்துல கோர்ஸ்னு 15 ஆயிரம் கேட்டாங்க, போய் பாத்தா ஒரு லேப்டாப்பும் ஹெட்செட்டும்தான், திரும்பி வந்துட்டேன்.

சமுதாய வானொலில ப்ரீயா வேலை செஞ்சாவது கத்துக்க ரெடி, குடியாத்தம் ஆம்பூர்னாலும் வருவேன். ஆகாசவாணி கேஷுவல் அனவுன்சர் (நிரந்தர வேலை இல்லாம, கூப்பிடுற நாள்ல மட்டும் பேசுறவங்க) ஆடிஷன் போனவங்க இருந்தா அங்க என்ன படிக்க சொன்னாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. டெமோ (நம்ம குரல் சாம்பிள் ரெக்கார்டிங்) எத்தன நிமிஷம் இருந்தா கேப்பாங்க?