டிவாஸ்டேட்டரை முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

மூன்றாம்வரிசை எழுதியது:

2009 ஜூன். வண்டிகளாக உருமாறும் ரோபோக்களின் கதையான ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தின் இரண்டாம் பாகம் வெளியான வாரம். திரைக்கு மிக அருகே, மூன்றாவது வரிசையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. இரண்டரை மணி நேரம் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தேன். எகிப்து மணலில் கட்டுமான வண்டிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளத் தொடங்கியதும், வானளாவ நிமிர்ந்து நிற்கும் பூதம் ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன். வந்த டிவாஸ்டேட்டர் நிமிரவே இல்லை. கொரில்லாவைப் போலக் கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றது. கான்கிரீட் கலவை வண்டிதான் அதன் தலை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சுழலும் அரவை வாய். மணல், கார் எல்லாம் அதற்குள் போயின. பக்கத்து இருக்கைச் சிறுவன் தன் பாப்கார்ன் பொட்டலத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். அதையும் இழுத்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ!

உங்களுக்கு இந்த அரக்கன் எங்கே, எப்படி அறிமுகமானான்?

பழையபச்சை எழுதியது:

தம்பி, எங்கள் காலத்து டிவாஸ்டேட்டர் பச்சையும் ஊதாவுமாக இருப்பான். இரண்டு காலில் ஒழுங்காக நிற்பான். 1984 இறுதியில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கார்ட்டூனில் வந்தவன். ஸ்கிராப்பர், ஹூக், போன்கிரஷர், ஸ்கேவெஞ்சர், லாங் ஹால், மிக்ஸ்மாஸ்டர் என்ற ஆறு கட்டுமான வண்டி ரோபோக்கள் சேர்ந்தால் அவன். அந்தப் பொம்மைகள் ஜப்பானின் தகாரா நிறுவனம் ‘டயாக்ளோன்’ வரிசையில் செய்தவை. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி வேறு பெயரிட்டு அமெரிக்காவில் விற்றது. மாமா ஊரிலிருந்து வந்தபோது எனக்கு ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தார். கொக்கி வண்டி. அதை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தது அவனுடைய மந்தபுத்தி. ஆறு மூளைகளும் ஒத்துப்போனால்தான் அவனால் எதையும் செய்ய முடியும். தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்றால் என்ன ஆகும்? பலம் மலையளவு, யோசனை கடுகளவு. படத்தில் அந்த நகைச்சுவையே இல்லை. அங்கே அவன் வெறும் பசி.

பிரேம்_எண்ணுபவன் எழுதியது:

நான் கணினி வரைகலை வேலை செய்பவன். எனவே எனக்கு அவன் எண்களாகத்தான் அறிமுகமானான். படத்தின் நாயக ரோபோ ஆப்டிமஸ் பிரைமின் கணினி உருவத்துக்கு 10,108 பாகங்கள். டிவாஸ்டேட்டருக்கு 52,632. ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய திரைக்கான காட்சிகளில் ஒரே ஒரு சட்டகத்தைக் கணினி வரைந்து முடிக்க 72 மணி நேரம் வரை ஆனதாக அப்போது செய்தி வந்தது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மயக்கத்தில் மண் அள்ளும் வண்டியின் கை ஒன்றை மட்டும் நானும் செய்து பார்த்தேன், அறுநூறு பாகங்களோடு. ஒவ்வொரு ஹைட்ராலிக் தண்டும் அதன் உறைக்குள் சரியாகப் போய்வர வேண்டும். ஒன்று பிசகினால் இரும்பு இரும்புக்குள் புகுந்துவிடும். இரவு முழுவதும் ஓடிய கணினி விடியற்காலையில் உறைந்து நின்றது. மேசைக்கடியில் கை வைத்தால் இட்லிப் பானை சூடு. அன்றிலிருந்து அந்தக் காட்சியைக் கேலி செய்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

ஒட்டகம்ஏறாதவன் எழுதியது:

எகிப்தின் கீசாவில் சந்தித்தேன், அவன் இல்லாமலேயே. படக்குழு அங்கே நேரடியாகவே படம்பிடித்தது. பெரிய பிரமிடின் அடியில் போய் நின்றேன். கீழ்வரிசைக் கல் ஒன்றே என் நெஞ்சு வரை வந்தது. முதலில் சுமார் 146 மீட்டர் உயரம், இப்போது 138 சொச்சம். படத்தில் இந்தக் கற்களைத்தான் அவன் தேங்காய் மட்டை உரிப்பதுபோல உரித்து, உள்ளே ஒளித்துவைத்த சூரியனை உறிஞ்சும் இயந்திரத்தை வெளியே காட்டுகிறான். கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தபோதுதான் அவனுடைய அளவு எனக்குப் பிடிபட்டது. திரையில் பிடிபடவில்லை. வழிகாட்டியிடம் படத்தைச் சொன்னேன். “அதுதான் உச்சியைக் காணோம்” என்று முகம் மாறாமல் சொன்னார்.

மூன்றாம்வரிசை எழுதியது:

இத்தனை பெரியவனுக்குப் படத்தில் அந்தச் சாவு எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. முன்னாள் ரகசிய அதிகாரியாக வரும் சிம்மன்ஸ் வயர்லெஸில் இடத்தைச் சொல்கிறார், கடலிலிருந்து மின்காந்தத் துப்பாக்கி சுடுகிறது, உருண்டு விழுகிறான். யுஎஸ்எஸ் கிட் என்ற அந்த அமெரிக்கப் போர்க்கப்பல் உண்மை, அதில் அப்படி ஒரு துப்பாக்கி இருப்பது கற்பனை. இன்னொன்று: அவன் உடம்பில் பாகமாக இருக்கவேண்டிய லாங் ஹால் அதே நேரத்தில் வேறு பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது! ஒரே மாதிரி வண்டிகள் இரண்டு என்று சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும்.

அலமாரிக்காரன் எழுதியது:

அந்தச் சமாதானத்தை நம்பித்தான் நான் காசு செலவழிக்கிறேன். 2009இல் வந்த பெரிய பொம்மையில் வண்டிகள் சேரும், ஆனால் தனித்தனி ரோபோவாக மாறாது. 2019 முதல் வெளிவந்த ‘ஸ்டுடியோ சீரிஸ்’ வரிசையில் இரண்டும் முடியும். பட வடிவ டிவாஸ்டேட்டருக்கு எட்டுப் பெட்டிகள் வாங்க வேண்டும். என்னிடம் ஏழு இருக்கின்றன. முதல் முறை சேர்க்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. இடுப்பைப் பூட்டும்போது தோள் கழன்றது, தோளைப் பிடித்தால் கால் சாய்ந்தது. கடைசியில் ஒரு கை அகராதியின் மேல் சாய்ந்தபடி நின்றான்.

இல்லாத எட்டாவது, தலையாக மாறும் கலவை வண்டி மிக்ஸ்மாஸ்டர். ஆகவே ஆறு மாதமாக என் அலமாரியில் முண்டம்தான் நிற்கிறது. அம்மா அதன் கழுத்தில் சாவிக்கொத்தை மாட்டத் தொடங்கிவிட்டார்.

பழையபச்சை எழுதியது:

என்னிடம் மிக்ஸ்மாஸ்டர் இரண்டு இருக்கின்றன, தம்பி. ஒன்றில் சக்கரம் சற்று இறுக்கம், பரவாயில்லையா? பதிலுக்கு எதுவும் வேண்டாம். சாவிக்கொத்தோடு ஒரு படம் மட்டும் அனுப்புங்கள்.