எல்லைச் சோதனைச்சாவடியில் உள்ள ஹெலிபேட் யாருக்காக?

சங்ககிரி லாரி உரிமையாளர்:
தரைவழியாக நூல் இறக்குமதி செய்வதை வங்கதேசம் 2025 ஏப்ரலில் நிறுத்தும்வரை, எங்கள் லாரிகள் ஈரோட்டிலிருந்து நூல் பாரம் ஏற்றிக்கொண்டு அந்த எல்லைவரை சென்று வந்தன. அங்கே ஒரு சாவடிக்கு அருகில், வெள்ளை வட்டத்துக்குள் ‘எச்’ என்று எழுதிய ஹெலிபேடைச் சுற்றி முள்வேலி போட்டு, அனுமதியின்றி நுழையக் கூடாது என்று பலகை வைத்திருப்பதாக ஓட்டுநர்கள் சொல்வார்கள். பாரம் இறக்குவதற்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தபோதும் அதில் எதுவும் இறங்கி அவர்கள் பார்த்ததில்லை. அவசரச் சரக்கையோ வணிகர்களையோ அந்த வழியாக எல்லை தாண்டி அனுப்ப முடியுமா? முடியாதென்றால், லாரி நிறுத்தவே இடமில்லாத ஊரில் இவ்வளவு நிலத்தை எதற்காக அடைத்து வைத்திருக்கிறார்கள்?

கோவை சுங்க முகவர்:
முடியாதுங்க ஐயா. வெளிநாட்டிலிருந்து வரும் எந்த வானூர்தியும், ஹெலிகாப்டர் உட்பட, தனி அனுமதி இருந்தாலொழிய, சுங்க விமான நிலையமாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் முதலில் இறங்க வேண்டும் என்று 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. லாரிகள் வரும் தரைவழிச் சுங்க நிலையத்துக்கு அரசு வெளியிடுவது வேறு அறிவிக்கை. லாரிக்குத் திறக்கும் வாசல் ஹெலிகாப்டருக்கும் திறந்துவிடாது. விபத்தாலோ மோசமான வானிலையாலோ வேறிடத்தில் இறங்க நேர்ந்தால்கூட, அருகிலுள்ள சுங்க அதிகாரிக்கோ காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஒப்புதலின்றிச் சரக்கை இறக்கக் கூடாது. ஆகவே அந்தத் தளம் எல்லையைக் கடப்பதற்கானது அன்று, எல்லைவரை வந்து சேர்வதற்கானது.

சூலூர்வாசி:
வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் அரசுத் தரப்பினர்தான்: ஆய்வுக்கு வரும் அமைச்சர்கள், படை அதிகாரிகள், வெள்ளக் காலத்தில் நிவாரணக் குழுவினர். உள்ளிருந்து வெளியே போகிறவர்களில் முக்கியமானவர்கள், காயமடைந்த வீரர்கள். எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1969 முதலே சொந்த வான்பிரிவு உண்டு. எம்ஐ-17 ஹெலிகாப்டர்களும் அதில் உள்ளன. அதன் விசிறி மட்டுமே 21 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. முழுப் பாரத்துடன் எடை 13 டன். அத்தனை எடையைத் தூக்கும் காற்று கீழ்நோக்கி அடிக்கும்போது, பக்கத்தில் லாரி நின்றால் தார்ப்பாய் கயிற்றோடு பிய்ந்துகொண்டு போகும். தளர்ந்த தகரமும் சரளைக்கல்லும் பறந்து விசிறியில் சிக்கினால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. வட்டத்துக்கு வெளியேயும் நிலம் வெறுமையாக இருப்பதற்கும், இறங்கும் திசையில் உயரமான கம்பமோ மரமோ இல்லாததற்கும் அதுவே காரணம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடப்பதால் வீண் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் லாரி நிறுத்துமிடத்துக்குத் தனியாக நிலம் ஒதுக்காதது நிர்வாகத்தின் குறைதான்.

சங்ககிரி லாரி உரிமையாளர்:
நன்றிங்க. ஓட்டுநருக்கு அங்கே மாரடைப்பு வந்தால் அந்தத் தளத்தை நாம் கேட்க முடியுமா?

கோவை சுங்க முகவர்:
உரிமையாகக் கேட்க முடியாது. அனுமதிப்பது தளத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் துறையின் முடிவு. ஹெலிகாப்டர் அங்கேயே நிற்பதும் இல்லை, வேறெங்கிருந்தோ வர வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, சாவடியில் பணியிலிருக்கும் அதிகாரியிடம் சொல்லி, வரிசையை விலக்கி வழிவிடச் செய்வதுதான் விரைவான வழி.