பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு எந்தப் போக்குவரத்தை முதலில் கேட்பது?

சங்கச் செயலர்:
வணக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் பல பெண்களுக்கு வேலை இன்னும் மயிலாப்பூரிலும் அடையாறிலுமே இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால், அவர்களுக்குக் காசைவிட நேரமே பெரும் சிக்கலாகிவிட்டது. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துச் சோழிங்கநல்லூர் சிக்னலில் இறங்கி மாற வேண்டும். சங்கத்தின் சார்பில் மனு எழுதுகிறோம். கூடுதல் பேருந்து, மினி பஸ், முறைப்படுத்திய ஷேர் ஆட்டோ ஆகியவற்றில் எதை வலியுறுத்தலாம்?

ஓய்வுபெற்ற நடத்துநர்:
கூடுதல் பேருந்து வேண்டும் என்று மட்டும் எழுதினால் 'பரிசீலிக்கப்படும்' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். நேரத்தை எழுதுங்கள். வீட்டு வேலைக்குச் செல்பவர்கள் விடியலில் கிளம்பி நண்பகலில் திரும்புகிறார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் ஷிப்டு மாறுவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான் என்பதால், நிறுத்தத்தில் கூட்டம் சேரும்போது நடைகள் குறைந்துவிடும். எந்த பிளாக் அருகே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எங்கே செல்ல நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து மனுவுடன் இணையுங்கள். புதிய வண்டி கிடைக்காவிட்டாலும், ஒரு கட் சர்வீஸின் (தடத்தின் ஒரு பகுதி மட்டும் ஓடும் நடையின்) நேரத்தையாவது மாற்றித் தருவார்கள். பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 2025 ஆகஸ்டில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பணிமனை இத்தனை அருகில் இருக்கும்போது முதல் நடையைக் குடியிருப்பிலிருந்தே எடுக்கச் சொல்வதில் தவறே இல்லை.

தடம் பார்ப்பவன்:
ஐயா சொல்வது சரி, ஆனால் பின்னிரவில் கைகொடுப்பது ஷேர் ஆட்டோதான். ஷேர் ஆட்டோ போல ஒப்பந்த ஊர்தி அனுமதி (மொத்தமாக வாடகைக்கு அமர்த்தியவரை மட்டும் ஏற்றிச் செல்லும் அனுமதி) பெற்ற வண்டி வழிநெடுக ஆளை ஏற்றி இறக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை என்பதால், ஓட்டுபவர்கள் கட்டும் அபராதமும் கடைசியில் பயணியின் தலையில்தான் விழுகிறது. தடம், கட்டணம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் நிர்ணயித்து, மின்சார வண்டிகளுக்கு முன்னுரிமையுடன் அனுமதி தரக் கேளுங்கள். விரட்டச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள். ஓட்டுபவர்களில் உங்கள் பிளாக்காரர்களும் இருப்பார்கள்.

மேடவாக்கம் வாசகி:
மினி பஸ்ஸைக் கடைசியில் வையுங்கள். தனியார் வண்டி என்றால் மகளிர் கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் சோழிங்கநல்லூர் செல்லவிருக்கிறது, ஆனால் ரயில் நிற்கப்போவது பிரதான சாலையில். அங்கிருந்து உள்ளே பிளாக்குகள் வரை சாதாரணக் கட்டண இணைப்புப் பேருந்து வேண்டும் என்பதையும் இந்த மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். நிலையம் திறந்தபின் கேட்டால், அந்த இடத்தில் வாடகைக் கார்கள் வரிசை கட்டியிருக்கும்.