மாலத்தீவு, 5 இரவு: ரூம் பார்த்தாச்சு, படகுதான் குழப்பமா இருக்கு

அல்சூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். தசரா லீவுக்கு பெங்களூரிலிருந்து மாலத்தீவு போகத் திட்டம். நானும் மனைவியும், 8 வயசுப் பொண்ணு, 64 வயசு அம்மா. ரிசார்ட் பட்ஜெட்டுக்குள் வராது. மாஃபுஷி, தொட்டு தீவுகளில் ஒண்ணில் கெஸ்ட் ஹவுஸ் எடுக்கலாம்னு இருக்கோம். ஒரு ஃபேமிலி ரூம் இரவுக்கு 90 டாலர் காட்டுது. விமானம் வெள்ளிக்கிழமை மதியம் மாலேயில் இறங்கும், புதன்கிழமை திரும்பணும். அரசுப் படகு சில டாலர்தான்னு படிச்சேன், அதையே நம்பலாமா? 5 இரவுக்கு 450 டாலர்னு ரூம் கணக்கைப் போட்டு வச்சிருக்கேன், சரியா? அம்மா சுத்த சைவம், கார் பயணத்துக்கே தலை சுத்தும்.

நீலக்கடல்:
ரூமுக்கு இன்னும் பணம் கட்டலைன்னா கொஞ்சம் பொறுங்க. மாலத்தீவுக்கு முதலில் படகு, அப்புறம் தீவு, கடைசியில்தான் ரூம். ரூமைப் பிடிச்சுட்டுப் படகைத் தேடினால்தான் பணமும் நேரமும் வீணாகும்.

வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. மெதுவா போகும் அரசுப் படகு அன்னைக்கு ஓடாது. மத்த நாள்களிலும் அது விமான நிலையத்திலிருந்து கிளம்பாது. ஏர்போர்ட் ஹுல்ஹுலே தீவில் இருக்கு. அங்கிருந்து மாலே நகரத்துக்குப் போய், ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் படகுத்துறையில் ஏறணும். மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பெட்டி, குழந்தை, அம்மாவோட அந்த அலைச்சல் வேண்டாம். பையோட தனியா போறவங்களுக்கு அது நல்ல வழி.

உங்களுக்கு ஸ்பீட்போட்தான். வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரே படகுத்துறை. கெஸ்ட் ஹவுஸுக்கே விமான எண்ணை அனுப்பி சீட் போடச் சொல்லுங்க. பெரியவருக்கு ஒரு வழிக்கு 20 முதல் 25 டாலர் வாக்கில் கேட்பாங்க, குழந்தைக்குக் குறைச்சலான்னு கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் படகுகளுக்கு இடைவெளி இருக்கும், கடைகளும் மூடியிருக்கும். அதனால "அன்னைக்கு எத்தனை மணிப் படகு"ன்னு எழுத்தில் வாங்கிக்கோங்க. பயணத்தை வியாழனுக்கோ சனிக்கோ மாத்த முடிஞ்சா இன்னும் நல்லது. மாலே நேரம் நம்ம நேரத்தை விட அரை மணி பின்னால், அதையும் கணக்கில் வைங்க.

தொட்டுவை இந்தத் தடவை விட்டுடுங்க. தர்பூசணியும் பப்பாளியும் விளையும் அழகான தீவுதான். ஆனா அங்கே போகத் திறந்த கடலைத் தாண்டணும். மே முதல் அக்டோபர் கடைசி வரை தென்மேற்குப் பருவக்காற்று, அங்கே 'ஹுல்ஹங்கு'ம்பாங்க. நாள் முழுக்க மழை கொட்டாது, ஆனா காற்றும் அலையும் இருக்கும். மாஃபுஷிக்கு அவ்வளவு கஷ்டமில்லை. வடக்கு மாலே, தெற்கு மாலே ரெண்டு பவளத்தீவுக் கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் வாதூ கால்வாய்தான் கொஞ்சம் குலுக்கும், அதைத் தாண்டினா தண்ணி அடங்கிடும். மாஃபுஷி ரொம்பக் கூட்டமா தோணினா பக்கத்துல இருக்கும் குல்ஹி சின்னது, அமைதியானது.

படகில் அம்மாவைப் பின்பக்கம் நடுவில் உட்கார வைங்க. முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் எழும்பி அறையும், முதுகுக்கு ஆகாது. ஏறும்போது செருப்பைக் கழற்றி வாசலில் இருக்கும் கூடையில் போடச் சொல்வாங்க. ஈரத்தரையில் வெறுங்கால், அதோட அலைக்குப் படகு ஒரு முழம் ஏறி இறங்கும். படகு மேலே வரும் நொடியில் படகுக்காரர் கையைப் பிடிச்சு ஒரே எட்டில் கால் வைக்கணும், பாதியில் நின்னாத்தான் தடுமாறும். வாந்தி மாத்திரை அம்மாவுக்கு ஒத்துக்குமான்னு டாக்டரைக் கேட்டு, படகு கிளம்ப அரை மணி முன்னாடியே கொடுத்துடுங்க. தலை சுத்த ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா பலன் குறைவு.

கணக்குப்பிள்ளை:
450 டாலர் போதாது. விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருக்கான்னு பாருங்க. இருந்தா வரி சேரலைன்னு அர்த்தம்.

90 டாலருக்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தா 99. அந்த 99 மேல்தான் சுற்றுலா ஜி.எஸ்.டி. வரும். 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம், ஆக 115.83. இதுக்கு மேல பசுமை வரின்னு ஒண்ணு. 50 அறைக்குக் குறைவான கெஸ்ட் ஹவுஸில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர். ரெண்டு வயசுக்குக் கீழே இருந்தாத்தான் விலக்கு, அதனால உங்க பொண்ணுக்கும் வரி உண்டு. நாலு பேருக்கு 24. மொத்தம் இரவுக்கு 139.83, அஞ்சு இரவுக்கு 699.15 டாலர். படகுக்குப் போக வர 160 முதல் 200 தனியா வைங்க.

சில தளங்கள் ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துக் காட்டிட்டு, பசுமை வரியை மட்டும் "அங்கே செலுத்தவும்"னு சின்ன எழுத்தில் போடும். 5 இரவுக்கு அதுவே 120 டாலர். தலைகள் எத்தனை, இரவு எத்தனைன்னு எழுதி, எல்லாம் சேர்ந்த தொகையை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்க.

பணம்: டாலர் ஃபோரெக்ஸ் கார்டு ஒண்ணு, கொஞ்சம் ரொக்க டாலர். ரொக்கத்தில் 1, 5, 10, 20 நோட்டுகளா கேளுங்க. கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தா அங்கே வாங்க மாட்டாங்க, எம்.ஜி. ரோடு கவுன்டரிலேயே ஒவ்வொரு நோட்டையும் திருப்பிப் பார்த்துடுங்க. சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம் வரை கூடுதலா பிடிப்பாங்க. ஏ.டி.எம்.மில் அந்த நாட்டுப் பணமான ரூஃபியாதான் வரும், ஒரு டாலருக்கு 15.42 கணக்கு. மிச்சமான ரூஃபியாவைப் பெங்களூரில் மாத்துறது கஷ்டம், தேவைக்கு மட்டும் எடுங்க.

மல்லேஸ்வரம் அக்கா:
அம்மா சாப்பாட்டைப் பத்திச் சொல்றேன். நம்ம ஊர்க் கடையில் விக்கிற மாசிக் கருவாடு அந்த நாட்டுச் சரக்குதான். அவங்க சமையலில் அது எங்கேயும் இருக்கும். 'மஸ்'னா மீன். காலைச் சாப்பாட்டு மஸ் ஹுனி தேங்காயும் சூரை மீனும். பேரைப் பார்த்து ஒதுக்கிடலாம். ஏமாற்றுவது டீக்கடைப் பலகாரம்தான். 'பஜியா' பார்க்க சமோசா, 'குல்ஹா' பார்க்கச் சின்ன போண்டா. ரெண்டுக்குள்ளேயும் வழக்கமா மீன் பூரணம். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. "மீன் இல்லை"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, மாசித்தூளும் கூடாதுன்னு கெஸ்ட் ஹவுஸுக்கு இப்பவே எழுதுங்க. பருப்பு, சோறு, ரொட்டி செஞ்சு தருவாங்க. கைக்கு எம்.டி.ஆர். பாக்கெட், அவல், புளிக்காய்ச்சல் கொண்டு போங்க. ரூமில் கெட்டில் இருக்கான்னு கேளுங்க. அங்கே பிளக் பெரும்பாலும் சதுரக்கால் மூணு, அடாப்டர் வேணும்.

இன்னொண்ணு, வழிபாட்டு விக்கிரகம் அங்கே கொண்டு போகத் தடை. அம்மா பயணத்தில் பிள்ளையார் எடுத்துட்டுப் போற வழக்கம் இருந்தா வீட்டிலேயே வச்சுட்டு வரச் சொல்லுங்க, கஸ்டம்ஸில் நிக்க வைக்காதீங்க. மதுவும் அப்படித்தான். இங்கே டியூட்டி ஃப்ரீயில் வாங்கினா அங்கே எடுத்து வச்சுக்கிட்டு, திரும்பும்போதுதான் தருவாங்க.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. மாஃபுஷின்னு முடிவு பண்ணிட்டோம், சனிக்கிழமை விமானத்துக்கு மாத்துறேன், ஒரு இரவு குறையும். விசா? பொண்ணைக் கடலில் இறக்கலாமா?

நீலக்கடல்:
விசா போய் இறங்கினதும் இலவசம். திரும்பும் டிக்கெட், ரூம் உறுதிச்சீட்டு ரெண்டையும் கையில் வைங்க. 'இமுகா'ங்கிற ஆன்லைன் பயண அறிவிப்புப் படிவத்தை விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நிரப்பணும், திரும்பும்போதும் ஒரு தடவை. அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்டா அது வேற யாரோ நடத்துற தளம், மூடிடுங்க.

பொண்ணைத் தாராளமா இறக்கலாம், லைஃப் ஜாக்கெட்டோட. வாடகை மாஸ்க் பெரும்பாலும் பெரியவங்க அளவு. குழந்தை முகத்தில் ஓரமெல்லாம் தண்ணி ஏறும், பயந்துடுவா. இங்கேயே டெகாத்லானில் அவ அளவுக்கு வாங்கி, பட்டையைத் தலையில் மாட்டாம முகத்தில் வச்சு மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்க. கையை எடுத்தும் ஒட்டி நின்னா அளவு சரி. பவளத்திட்டின் விளிம்பில் ஆழம் சட்டுனு விழும், நீரோட்டமும் அங்கேதான். அதுக்கு உள்பக்கமே இருங்க. ஊர்க் கடற்கரையில் தோள், முழங்கால் மறையும் உடை, நீச்சல் உடைக்குத் தனியா ஒரு கடற்கரை ஒதுக்கியிருப்பாங்க.

புதன்கிழமை விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்டில் சேர்ற படகைப் பிடிங்க. கடைசிப் படகு வேண்டாம், காற்று அதிகமானா தாமதமாகும். பவளத்துண்டு எதையும் நாட்டை விட்டுக் கொண்டு போகக் கூடாது, கிளம்பும் முன்னாடி பொண்ணோட பையை ஒரு தடவை பார்த்துடுங்க.