மறுமொழி: பெப்டைடு – சிதைவா, நறுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பால் செரிமானக் கட்டுரையில் வரும் 'பெப்டைடு' என்பதற்கு, அதாவது அமினோ அமிலங்களைக் கண்ணிகளாகக் கோத்த சிறு சங்கிலிக்கு, ஐயா முன்வைத்த தமிழ்ச்சொல்லான 'புரதச் சிதைவுக்கூறு' இலக்கணப்படி சரிதான். ஆனால் 'சிதைவு' என்றதும் இடிந்த மதிலும் அழுகலும்தான் மனத்தில் வருகின்றன. கன்றின் வயிற்றில் நடப்பது வேறு.

கன்று மடியை முட்டிச் சப்பும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள மடிப்பு குழல்போல் மூடிக்கொள்கிறது. பால் அசையிரைப்பையில் இறங்காமல் நான்காம் இரைப்பைக்குப் போய்விடுகிறது. அங்கே காத்திருக்கும் நொதி கைமோசின். பால் புரதங்களில் ஒன்றான கப்பா-கேசினில் அமினோ அமிலங்கள் 169. கைமோசின் வெட்டுவது 105-க்கும் 106-க்கும் நடுவே, அந்த ஓரிடத்தில். கேசின் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்துவந்த 64 அமினோ அமில வால் கழன்றுவிட, கால்சியத்தின் துணையோடு பால் திரள்கிறது. பாலாடைக்கட்டிக்காக, கைமோசின் அடங்கிய ரென்னெட் விட்ட பாலை நானே பார்த்திருக்கிறேன். அரை மணி கழித்துக் கத்தியை இறக்கினால் கீறல் வழுவழுவென்று பிளந்து நிற்கும்; பிளவில் பச்சை கலந்த மஞ்சள் நீர் ஊறும். கழன்ற வால் அந்த நீரில்தான் இருக்கிறது.

இப்படி இடம் பார்த்து வெட்டுவதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: நறுக்கு. ஓலை நறுக்கு என்கிறோமே, அதே நறுக்கு. முழு ஓலையிலிருந்து அளவாக வெட்டி எடுத்தது. அதில் சேதியும் எழுதலாம். பாலின் இன்னொரு புரதமான பீட்டா-கேசினின் 60 முதல் 66 வரையான ஏழு அமினோ அமிலங்கள் தனியே வெளிவந்தால் அபின் வகைப் பொருள்களின் ஏற்பிகளில் போய் ஒட்டுகின்றன. கேசினுக்குள் இருக்கும்வரை அவற்றுக்கு அந்த வேலை கிடையாது. ஆகவே 'புரதநறுக்கு' என்று முன்மொழிகிறேன்.

எல்லாப் பெப்டைடும் புரதத்தை வெட்டிப் பிறப்பதில்லை என்று குளூட்டாதையோன் என்னும் பெப்டைடை ஒருவர் சுட்டிக்காட்டியது நியாயமான தடை. மூன்று அமினோ அமிலங்களை உயிரணு கோத்துக் கட்டுவது அது; எதிலிருந்தும் நறுக்கியதல்ல. எமில் ஃபிஷர் 1902-இல் 'பெப்டைடு' என்று பெயரிட்டபோது எடுத்துக்கொண்ட கிரேக்க வேரின் பொருள் செரித்தல். அந்தப் பெயர் இன்று செரிமானத்தைத் தாண்டிப் பரந்துவிட்டது. எனவே பொதுச்சொல்லாகப் பெப்டைடே இருக்கட்டும்; புரதத்தை வெட்டிப் பிறந்தவற்றுக்கு மட்டும் நறுக்கு.

சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகிய நொதிகள் மேலும் வெட்டியபின், குடற்சுவர் பெருமளவு உறிஞ்சுவது இரண்டு மூன்று அமினோ அமிலம் கொண்ட துண்டுகளை. அவற்றை இருகண்ணி நறுக்கு, முக்கண்ணி நறுக்கு எனலாம். இதில் எனக்கு ஓர் உறுத்தல்: 'முக்கண்ணி' அம்மன் பெயராகக் காதில் விழுகிறது. 'மூன்றுகண்ணி' என்று எழுதினால் சொல் நீண்டாலும் மயக்கம் இல்லை. உங்களுக்கு எது படுகிறது?

அன்புடன்.