நூலகக் கணக்கு டியூட்டி ரூமிலும் திறக்கலை, குவார்ட்டர்ஸிலும் திறக்கலை: வியாழனுக்குள் கட்டுரை வேணும்

தேவாலா_சிஸ்டர் | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கூடலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியைச் சேர்ந்தது. அதனால் அந்தக் கல்லூரி நூலகம் சந்தா கட்டும் ஆன்லைன் ஜர்னல்கள் எங்களுக்கும் உண்டு. நான் பி.எஸ்சி. நர்சிங் படித்ததும் அங்கேதான். படிக்கும்போது கொடுத்த ஐடி, பாஸ்வேர்டைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வார்டில் கேஸ் பிரசன்டேஷன். சிக்கிள் செல் (ரத்த சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு) இருக்கிற கர்ப்பிணி. எங்கள் பக்கம் இந்தக் கேஸ் வருவது புதுசு இல்லை, ஆனால் டாக்டர் மேடம் "பாடப்புத்தகத்தை ஒப்பிக்க வேண்டாம், நாலு கட்டுரை படிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் டியூட்டி ரூம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், இரண்டு வருஷமாகத் திறந்துகொண்டிருந்த ஜர்னல் எல்லாம் டாலரில் விலை கேட்கிறது. சரி, குவார்ட்டர்ஸுக்குப் போய் போனில் லாகின் பண்ணலாம் என்று பார்த்தால் "ஸ்டேல் ரிக்வெஸ்ட்" என்று ஒரு பக்கம் வருகிறது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்தால் "மெயில் அனுப்பியாச்சு" என்கிறது. மெயில் வரவே இல்லை. ஸ்பாமிலும் பார்த்துவிட்டேன்.

நைட் டியூட்டிக்கு நடுவில் இதோடு மல்லுக்கட்டி மூணு நாள் ஆகிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரி_லேப் | திங்கள், இரவு 9.32

சிஸ்டர், முதலில் அந்தக் கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். எங்கள் லேபில் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் பொட்டு பேட்டரி செத்துவிட்டது. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால் காலையில் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வரும். பேட்டரி மாற்றினதும் சரியானது. கேஷையும் ஒரு தடவை அழித்துப் பாருங்கள்.

தேவாலா_சிஸ்டர் | திங்கள், இரவு 9.40

தேதி சரியாக இருக்கிறது அண்ணா. கேஷ், குக்கி எல்லாம் அழித்தாயிற்று. குரோம் போய் ஃபயர்ஃபாக்ஸும் பார்த்தாயிற்று. தளம் திறக்கிறது, கட்டுரையின் சுருக்கமும் வருகிறது. முழுக் கட்டுரைக்குத்தான் காசு கேட்கிறது.

ஊட்டி_மூணாம்_வருஷம் | திங்கள், இரவு 10.05

அக்கா, நான் இங்கே எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். என் ஐடியை டிஎம்மில் அனுப்புகிறேன், அதிலேயே போய் எடுத்துக்கோங்க. இல்லையென்றால் பூட்டின கட்டுரையைக் காசில்லாமல் எடுக்க எல்லாரும் போகிற அந்தத் "தளம்", சை-ஹப், இருக்கவே இருக்கு.

குன்னூர்_பழைய_நூலகர் | திங்கள், இரவு 10.48

தம்பி, நல்ல மனசு. ஆனால் அந்த ஐடியை அனுப்பாதே. ஒரே ஐடி ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலிருந்து உள்ளே வந்தால் பதிப்பாளர் பக்கம் மணி அடிக்கும். ஒருத்தர் வேகவேகமாக நூறு கட்டுரை இறக்கினாலும் அதே கதை. பல நேரம் அவர்கள் அந்த ஆளை மட்டும் தடுக்க மாட்டார்கள், மொத்தக் கல்லூரியையும் தடுப்பார்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு மாணவர் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு ஜர்னலின் பத்து வருஷத்தை மென்பொருள் வைத்து இழுத்தார். மறுநாள் காலை கல்லூரி முழுக்க அந்தப் பதிப்பாளரின் கதவு சாத்தியது. மன்னிப்புக் கடிதம் எழுதினது நான்!

அந்தத் "தளம்" பற்றியும் ஒரு வார்த்தை. எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூவரும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன் மேல் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலிருந்து அங்கே போகாமல் இருப்பது நல்லது. அது தேவையும் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சிஸ்டர், உங்களிடம் மூன்று கேள்வி. லாகின் பக்கத்துக்கு எப்படிப் போகிறீர்கள், நூலகப் பக்கம் வழியாகவா, சேமித்து வைத்த லிங்கிலா? கணக்கில் இருக்கும் மெயில் எது? டியூட்டி ரூமில் திறப்பது நின்றதற்குச் சற்று முன்னால் அங்கே எதையாவது மாற்றினார்களா?

தேவாலா_சிஸ்டர் | செவ்வாய், காலை 6.15

நைட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன் அய்யா. லாகின் பக்கத்தை போனில் புக்மார்க் போட்டு வைத்திருக்கிறேன். மெயில், படிக்கும்போது கல்லூரி கொடுத்த மாணவர் மெயில். இப்போது யோசித்தால் அதைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாஸ் ஆனதும் மூடிவிட்டார்களோ என்னவோ.

மாற்றம் என்றால், ஆடி மழையில் மரம் விழுந்து பழைய லைன் அறுந்துபோனது. பத்து நாள் நெட் இல்லை. பிறகு வேறு கம்பெனியிலிருந்து ஃபைபர் போட்டார்கள். இப்போது வேகம் நன்றாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

குன்னூர்_பழைய_நூலகர் | செவ்வாய், காலை 9.20

சம்பந்தம் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் ஒரு கோளாறு என்று நினைப்பது மூன்று கோளாறு. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது.

ஜர்னல் தளம் உங்களை இரண்டு வழியில் அடையாளம் கண்டுகொள்ளும். ஒன்று, நீங்கள் எந்த இடத்திலிருந்து வருகிறீர்கள் என்பது. கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரிய ஐபி எண்களை (நெட் இணைப்பின் முகவரி எண்) நூலகம் பதிப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கும். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும், டாக்டரோ வாட்ச்மேனோ, கதவு தானாகத் திறக்கும். பெயர் கேட்காது, பாஸ்வேர்ட் கேட்காது. இரண்டாவது வழி, நீங்கள் யார் என்பது. அதற்குத்தான் ஐடி.

டியூட்டி ரூமில் இரண்டு வருஷம் உங்களுக்குத் திறந்தது உங்கள் ஐடியால் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பழைய லைனின் ஐபியால். லைன் மாறியது, எண் மாறியது. பதிப்பாளருக்கு நீங்கள் இப்போது வழிப்போக்கர்.

குவார்ட்டர்ஸில் போன் டேட்டாவில் வந்தால் அந்த ஐபி போன் கம்பெனியுடையது. ஆயிரக்கணக்கான பேர் அதே எண்ணில் வருவார்கள். அங்கே ஐடி இல்லாமல் நடக்காது. ஆனால் உங்கள் ஐடி மாணவர் கணக்கு. படிப்பு முடியும் தேதியோடு அதன் ஆயுளும் முடியும்படிதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் ஸ்டாஃப் கணக்கு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்ந்த அன்று யூனிஃபார்ம் அளவு எடுப்பார்கள், லாக்கர் சாவி கொடுப்பார்கள், நூலகக் கணக்கைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். "மெயில் அனுப்பியாச்சு" என்பதை நம்பாதீர்கள். கணக்கு இருக்கிறதா இல்லையா என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகப் பல தளங்கள் எதைக் கொடுத்தாலும் அதே வாசகத்தைத்தான் காட்டும்.

ஸ்டேல் ரிக்வெஸ்ட் சின்ன விஷயம். லாகின் பக்கத்தின் முகவரி அந்த ஒரு வருகைக்கு மட்டும் பிறப்பது. அதை புக்மார்க் போட்டால் நேற்றைய பஸ் டிக்கெட்டை இன்றைக்குக் காட்டுகிற மாதிரி. ஷிபோலெத் என்ற லாகின் முறையில் ஓடும் கல்லூரிகளில் இது தினம் வரும். புக்மார்க்கை அழித்துவிட்டு, நூலகப் பக்கத்திலிருந்தோ, ஜர்னல் பக்கத்தில் "நிறுவனம் வழியாக நுழைக" என்ற பொத்தானிலிருந்தோ உள்ளே போங்கள். கூகுளில் தேடி நேராகக் கட்டுரைக்குப் போனாலும் தளத்துக்கு உங்களை அடையாளம் தெரியாது.

இன்று செய்ய வேண்டியது: டியூட்டி ரூம் கம்ப்யூட்டரிலேயே, போனில் இல்லை, கூகுளில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடி வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 192.168 என்று ஆரம்பிப்பது வேண்டாம், அது உங்கள் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் எண். அதை வைத்துக்கொண்டு நூலகத்துக்கு போன் போடுங்கள். மெயில் போட்டால் வியாழன் தாண்டிவிடும்.

கோத்தகிரி_லேப் | செவ்வாய், காலை 9.41

அட, நான் பேட்டரியிலேயே நின்றுவிட்டேன்.

பந்தலூர்_பார்மசி | செவ்வாய், மதியம் 1.10

இதற்கெல்லாம் ஹினாரி இருக்கிறதே? உலக சுகாதார நிறுவனம் ஏழை நாடுகளுக்கு ஜர்னல்களை இலவசமாகத் தருவது.

குன்னூர்_பழைய_நூலகர் | செவ்வாய், மதியம் 2.30

ஹினாரி 2002-ல் தொடங்கியது, நல்ல திட்டம்தான். ஆனால் அதில் இந்தியாவுக்கு இடம் இல்லை. நமக்கு வந்தது "ஒரே நாடு ஒரே சந்தா", மத்திய அரசே எல்லோருக்கும் சேர்த்து ஜர்னல் சந்தா கட்டும் திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பாளர்கள், 13,000 ஜர்னல்கள் கிட்டத்தட்ட, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்துகிறது. இது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. ஊட்டித் தம்பி படிப்பது அரசுக் கல்லூரி என்றால், உன் நூலகத்தில் இதைக் கேட்டுப் பார். தனியார் கல்லூரிக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற நர்ஸுக்கும் இல்லை, அது எனக்கு ஆறாத மனக்குறை. ஊர் ஊராகப் போய் சிக்கிள் செல்லுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது அவர்கள்தானே.

சிஸ்டர், கணக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடி, இடது பக்கம் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். அதன் முழுக் கட்டுரைக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் இருப்பது எல்லாம் எந்த ஐடியும் இல்லாமல் திறக்கும். காக்ரேன் ஆய்வுகள் (ஒரு சிகிச்சை பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து எடைபோடுபவை) வெளிவந்து 12 மாதம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுவது வழக்கம். சிக்கிள் செல் கர்ப்பிணிக்கு முன்கூட்டியே ரத்தம் ஏற்றுவதா, தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவதா என்று ஒரு காக்ரேன் ஆய்வே இருக்கிறது. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இலவசம். பூட்டின கட்டுரை ஒன்றுதான் வேண்டும் என்றால், சுருக்கத்துக்குக் கீழே ஆசிரியரின் மெயில் இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

இன்னொன்று. இந்தியாவில் சிக்கிள் செல் இருக்கிறது என்று முதலில் எழுதப்பட்டது எங்கிருந்து தெரியுமா? நம் மலையிலிருந்து. லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள், தென்னிந்தியாவில் சிக்கிள் செல் தன்மை என்று. நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான். அந்த ஜர்னலின் பழைய இதழ்கள் பப்மெட் சென்ட்ரலில் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. மூன்றே பக்கம். உங்கள் முதல் ஸ்லைடு அதுவாக இருக்கட்டும்.

தேவாலா_சிஸ்டர் | புதன், மாலை 5.50

நடந்ததைச் சொல்கிறேன்.

நூலகத்துக்கு போன் போட்டேன். மூணாவது தடவை எடுத்தார்கள். அந்த மேடம் பேரைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், உங்க ஐடி போன வருஷமே காலாவதி ஆயிடுச்சே, இவ்வளவு நாள் எப்படிப் படிச்சீங்க?" என்று என்னையே கேட்டார். அய்யா சொன்னது போல நான் இத்தனை நாள் லாகின் ஆகியே இல்லை! ஐடி, பாஸ்வேர்டை ஒரு டைரியில் எழுதி பத்திரமாக வைத்திருந்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் படமும் ஜிமெயில் முகவரியும் கேட்டார்கள். "ஜிமெயிலா, ஆஸ்பத்திரி மெயில் இல்லையா" என்று கொஞ்சம் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு யார் மெயில் கொடுத்தார்கள்? கடைசியில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஒரு வரி எழுதிக் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்கள். மதியமே ஸ்டாஃப் கணக்கு வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில், நூலகப் பக்கம் வழியாகப் போனேன், திறந்தது. ஓடிபி வருவதற்குத்தான் வாசல் படியில் வந்து நிற்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தால் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொள்கிறது.

டியூட்டி ரூம் கதை இன்னும் முடியவில்லை. எழுதிக் கொடுத்த ஐபி எண்ணை மேடம் வாங்கிக்கொண்டு, "மறுநாள் காலையில் இன்னொரு தடவை பாருங்க" என்றார்கள். இன்று பார்த்தால் வேறு எண். புது ஃபைபர் சாதாரண இணைப்பாம், எண் மாறிக்கொண்டே இருக்குமாம். நிலையான எண் வேண்டுமென்றால் கம்பெனியில் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். அதற்கு ஆபீஸில் லெட்டர் கொடுத்திருக்கிறேன். கிளார்க் அண்ணன் "ஜர்னலுக்கா?" என்று கேட்டு மேஜையில் வைத்திருக்கிறார்.

1952 கட்டுரை கிடைத்தது. காக்ரேனும் படித்தேன். எது நல்லது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் அதிலும் இருக்கிறது. டாக்டர் மேடம் இதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

பந்தலூர்_பார்மசி | புதன், மாலை 6.20

நல்லது சிஸ்டர். ஸ்லைடில் அந்தப் பொண்ணு பேரோடு ஊர்ப் பேரையும் எடுத்துவிடுங்கள். இருபது வீடு உள்ள பாடி (சின்னக் குடியிருப்பு) என்றால் ஊர் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

தேவாலா_சிஸ்டர் | புதன், மாலை 6.31

ஊர்ப் பேர் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றி அண்ணா.

கொடைக்கானல்_பி.எஸ்சி. | வியாழன், இரவு 8.15

அக்கா, இழைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு ஜர்னல் எல்லாம் திறக்கிறது, மின்புத்தகம் மட்டும் "வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார்" என்கிறது. காலையிலிருந்து அதே.

குன்னூர்_பழைய_நூலகர் | வியாழன், இரவு 8.40

உங்கள் நூலகம் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு உரிமம் வாங்கியிருக்கும் தம்பி. காலையில் திறந்தவர் ஜன்னலை மூடாமல் சாப்பிடப் போயிருப்பார். தனி இழை போடு, விவரமாகச் சொல்கிறேன். சிஸ்டர், பிரசன்டேஷன் என்ன ஆச்சு?

தேவாலா_சிஸ்டர் | வியாழன், இரவு 11.05

முடிந்தது அய்யா. முதல் ஸ்லைடைப் பார்த்ததும் மேடம் "இது எங்கே கிடைச்சது" என்று கேட்டு லிங்க் வாங்கிக்கொண்டார். அவருடைய ஐடியும் வேலை செய்யவில்லையாம். நாளைக்கு நூலகத்துக்கு இன்னொரு போன் போட வேண்டும்.